தூக்கம் போன எட்டு மாதம்

என் மகள் பவித்ரா மாவட்டப் போட்டியில் நீளம் தாண்டுதலில் முதலாவதாக வந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஓடிவந்து கோப்பையை என் மடியில் வைத்து, "அம்மா, நாலு புள்ளி ஒம்போது மீட்டர்!" என்றாள். கோப்பையைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது சந்தோஷப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. "சரி, கைகால் கழுவிட்டு வா" என்றேன். அவள் முகம் அப்படியே சுருங்கிப்போனது. அதைப் பார்த்து எனக்கு வருத்தமும் வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு என்னைக் குறித்துப் பயம் வந்தது.

இப்போது நன்றாக இருக்கிறேன். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பதினாறு நாள் இருந்தேன். விசாரித்தவர்களிடமெல்லாம் "கர்ப்பப்பைப் பிரச்சினை" என்று சொல்லிவைத்திருந்தோம். அந்தப் பொய்யை இனிமேல் சொல்வதில்லை என்று முடிவு செய்துதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சாந்தி. வயது நாற்பத்தொன்று. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். தையல் மெஷினில் தொடங்கி, செக்கிங் டேபிளுக்கு வந்து, போன வருடம் லைன் சூப்பர்வைசர் ஆனேன். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற முப்பத்திரண்டு பெண்களுக்கு அப்போது நான் பொறுப்பாக இருந்தேன். கணவர் குமரேசன் பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வேலை செய்கிறார். இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம், ஒரே மகள், சொந்த வீடு. தூக்கம் போக ஒரு காரணமும் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

காரணம் சின்னதுதான். சூப்பர்வைசர் ஆன இரண்டாம் மாதம் ஒரு ஷிப்மென்ட் அவசரம். தொடர்ந்து மூன்று நாள் இரவு பத்து மணி வரை வேலை. வீட்டுக்கு வந்து படுத்தால் கண்ணுக்குள் தையல் ஓடிக்கொண்டே இருந்தது. எந்தப் பெட்டியில் எது தப்பாகப் போயிருக்கும் என்று மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. மூன்று நாளும் தூங்கவில்லை. ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்தது, ஒரு குறையும் வரவில்லை. நாலாவது நாள் தூங்கிவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் படுத்ததும், 'இன்னைக்கும் வராம போய்ட்டா?' என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த ஒரு எண்ணம் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு இரவு என்றாலே எனக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. எட்டு மணிக்கே படுத்துப் பார்த்தேன். கசகசா அரைத்துப் பாலில் குடித்தேன். மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டேன், தர்காவில் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டேன். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கினேன். முதல் வாரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். ஒரு மாதம் போனதும் இரண்டு போட்டாலும் தூக்கம் இல்லை. போடாவிட்டால் கை நடுங்கியது.

தூக்கம் போனால் உடம்பு அசதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு முதலில் போனது சிரிப்பு. பிறகு ருசி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் வெறும் சோறும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. லைனில் ஒரு பெண் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். வீட்டில் டம்ளர் கீழே விழுந்தால் அழுதேன். ஒருநாள் பெட்டிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதில் ஒரு பெட்டியில் இருந்த இரண்டு ஷூவும் இடது கால். பத்தொன்பது வருடத்தில் நான் அப்படி ஒரு தப்புச் செய்ததில்லை.

எங்கள் வீட்டையும் கொழுந்தனார் வீட்டையும் ஒரே சுவர்தான் பிரிக்கிறது. அவர் மனைவி அமுதா வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவுக்குக் கைத்தையல் போடுகிறவள். அப்போது மூன்று வருடமாக அவளும் நானும் பேசாமல் இருந்தோம். தப்பு என்னுடையது. தண்ணீர் மோட்டார் போடுவதில் வந்த ஒரு சண்டையில், "புள்ள பெத்திருந்தா உனுக்கு காலைல இருக்கிற அவசரம் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தை இல்லை அவளுக்கு. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

கோப்பை வந்த மறுநாள் சாயங்காலம், பவித்ரா என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாம்மா ஆச்சு உனுக்கு?" என்று கேட்டாள்.

"ஒன்னுமில்ல. தூங்கணும். தூங்கிட்டு எழுந்திருக்கவே கூடாது. அவ்ளோதான்."

சொல்லும்போது எனக்கு அது பெரிய பேச்சாகவே தெரியவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னேன். பின்பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த அமுதாவின் காதில் அது விழுந்திருக்கிறது. ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே எங்கள் வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவரைக் கூப்பிட்டாள்.

"மாமா, ராத்திரியெல்லாம் அக்கா நடக்கிற சத்தம் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்குது. ஆறு ஏழு மாசமா கேக்குது. இப்போ புள்ளகிட்ட இன்னா சொன்னாங்கன்னு கேட்டீங்களா? நாளைக்கு வேலூர் இட்டுனு போங்க. நீங்க போலன்னா நான் இட்டுனு போறேன்."

என் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் போறேன், நீயும் வா" என்றார்.

மறுநாள் மூன்று பேரும் ரயிலில் போனோம். வெளிநோயாளிகள் கூடத்தில் வங்காளத்துக்காரர்கள், ஆந்திராக்காரர்கள், நம் ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் கையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களை அனுப்பிய கட்டிடத்தின் வாசலில் 'மனநலப் பிரிவு' என்று எழுதியிருந்தது. என் கணவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"தூக்கம்தானே வரல. இதுக்கு எதுக்கு இங்க? நாளைக்குப் பொண்ணுக்கு மாப்ள பாக்கறப்போ இன்னா சொல்வாங்க?"

ஆனால் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் முதலில் உள்ளே நடந்தேன். பின்னால் அமுதாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி அவருடைய செருப்புச் சத்தமும் வந்தது.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண். அவசரமே படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தாமல், "சாகணும்னு தோணுதாம்மா?" என்றார்.

எட்டு மாதத்தில் யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. "தோணுது மேடம். செத்துப்போகணும்னு ஆசையில்ல. தூக்கம் வேற எப்படியும் கெடைக்காதுன்னு தோணுது" என்றேன். பக்கத்தில் என் கணவர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எது முதல்ல வந்ததுன்னு நீங்க தேட வேணாம்" என்றார் டாக்டர். "தூக்கம் கெட்டா மனசு சோர்ந்து போவும். மனசு சோர்ந்தா தூக்கம் இன்னும் கெடும். ரெண்டும் ஒன்னையொன்னு இழுத்துக்கிட்டுக் கீழ போகுது. நாம எங்கயாவது ஒரு எடத்துல பிடிச்சு நிறுத்தணும். உள்ள சேர்ந்துடுங்க. கூட ஒருத்தர் இருக்கணும்."

கணவருக்கு அவ்வளவு நாள் லீவு கிடைக்காது. பவித்ராவுக்குப் பள்ளிக்கூடம். "நான் இருக்கேன்" என்று அமுதா சொன்னாள், இன்னமும் என்னைப் பார்க்காமலே. சும்மா இருக்க வேண்டாம் என்று கைத்தையல் வேலையையும் பையில் கொண்டுவந்திருந்தாள். வார்டு வாசலில் சிஸ்டர் பையைச் சோதித்து, ஊசியையும் கத்தரிக்கோலையும் வாங்கி வைத்துக்கொண்டார். கூர்மையான எதுவும் உள்ளே போகக் கூடாதாம். அன்றிலிருந்து அமுதாவின் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது.

முதல் நான்கு நாள் பரிசோதனை. ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு என்று கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, அது கூடினாலும் குறைந்தாலும் தூக்கம் கெடுமாம். எனக்கு அது சரியாக இருந்தது. ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி. ஒரு ராத்திரி தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்ப்பதற்கு. அதுவும் இல்லை. எப்போது படுத்தேன், எப்போது தூங்கியிருப்பேன், எத்தனை தடவை விழித்தேன் என்று எழுதிவைக்க ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். என் கை நடுங்கியதால் நான் சொல்லச் சொல்ல அமுதா எழுதினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். "எத்தன மணி?" "ரெண்டு இருக்கும்." "அப்புறம்?" "அப்புறம் முழிச்சினுதான் இருந்தேன்."

ஐந்தாம் நாள் டாக்டர் நோட்டைப் பார்த்தார். "நீங்க ஒம்போது மணி நேரம் படுக்கையில இருக்கீங்க. தூங்கறது மூணு, மூணரை. மிச்ச நேரமெல்லாம் படுத்துக்கிட்டுப் பயப்படறீங்க. எட்டு மாசமா கட்டில்ல பயந்து பயந்து, கட்டிலப் பார்த்தாலே மூளைக்குப் பயப்படணும்னு பழகிப்போச்சு. அதை மாத்தணும். இன்னைலேருந்து பன்னெண்டரைக்கு முன்னாடி படுக்கக் கூடாது. அஞ்சரைக்கு எழுந்திரிச்சே ஆகணும். ராத்திரி தூங்கினாலும் தூங்காட்டியும் அஞ்சரை. நடுவுல முழிப்பு வந்து கால் மணி நேரம்போல ஆச்சுன்னா எழுந்து வெளிய வந்து உக்காருங்க. பகல்ல கண்ண மூடக் கூடாது."

கடை மாத்திரையைக் கால் கால் பாகமாகக் குறைப்பதாகச் சொன்னார். மனச்சோர்வுக்கு வேறொரு மாத்திரை, அது வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. தூக்கமில்லாமல் சாகப் பார்க்கிறவளைப் பிடித்து, படுக்காதே என்கிறார்களே! "இது இன்னா வைத்தியம் மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

"கஷ்டமான வைத்தியம்" என்றார் அவர். "மொத வாரம் இப்ப இருக்கறத விட மோசமா இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

மோசமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கண் எரியத் தொடங்கும். எட்டு மணிக்குத் தலை தானாகச் சாயும். பன்னிரண்டரை வரைக்கும் என்னை விழிக்கவைப்பது அமுதாவின் வேலை. ஊசி இல்லாத கையால் என் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பாள். வராந்தாவில் நடக்கவைப்பாள். கதை பேசச் சொல்வாள். படுத்த பிறகு தூக்கம் வராது. எழுந்து வெளியே வந்து பெஞ்சில் உட்காருவேன். அவளும் எழுந்துவந்து உட்காருவாள். விடியற்காலை ஐந்தரைக்கு, கண் அப்போதுதான் சொருகியிருக்கும், "அக்கா, எழுந்திரு" என்பாள். அந்த நேரத்தில் அவளை அடிக்கக்கூடத் தோன்றியது.

இந்த வைத்தியம் தொடங்கிய மூன்றாம் நாள் மத்தியானம் என்னால் முடியவில்லை. துணிகளைப் பையில் திணித்தேன். "போறேன். என்னால ஆவாது" என்றேன்.

அமுதா தடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ அக்கா. ஆனா ஒன்னு சொல்றேன் கேட்டுட்டுப் போ. எனக்கும் நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு வருசம் தூக்கமில்ல. ரெண்டாவது தடவ கரு கலைஞ்சு போச்சில்ல, அப்போ. யாருகிட்டயும் சொல்லல. ராத்திரியெல்லாம் ஊசி எடுத்துக்கினு தைப்பேன். அதனாலதான் நீ நடக்கறது இன்னான்னு எனக்குப் புரிஞ்சது. அன்னைக்கு என்னை யாராவது இட்டாந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

இரண்டாவது தடவை கலைந்தது எனக்குத் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் தெரியாது. அதற்கு மறு வருடம்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று கணக்குப் போட்டேன். தரையில் உட்கார்ந்தேன்.

"அமுதா, மோட்டார் சண்டையில நான் சொன்னது..."

"தெரியும். மறக்கல" என்றாள். "மறக்கவும் மாட்டேன்னு நெனைக்கிறேன். அதுக்காக உன்ன விட முடியுமா?"

நான் அழுதேன். எட்டு மாதம் டம்ளருக்கும் தட்டுக்கும் அழுத அழுகை இல்லை அது. எதற்காக அழுகிறேன் என்று தெரிந்து அழுதேன். அவள் பையிலிருந்து துணிகளை எடுத்து மறுபடியும் மடித்து அலமாரியில் வைத்தாள். எழுந்து முகம் கழுவினேன். ஐந்தரை என்றால் ஐந்தரை, பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரை, இனி டாக்டர் சொல்வதில் ஒரு நிமிடம்கூட மாற்றமாட்டேன் என்று தீர்மானித்தேன். தூக்கம் வருவதும் வராததும் என் கையில் இல்லை. எழுந்திருப்பது என் கையில் இருக்கிறது. அதை மட்டும் செய்வேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டரைக்குப் படுத்தது தெரியும். அடுத்து "அக்கா, எழுந்திரு" என்ற குரல். நடுவில் ஒன்றும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, "மணி என்ன?" என்றேன். "அஞ்சரை" என்றாள். நான் நம்பவில்லை. ஐந்து மணி நேரம், ஒரே மூச்சில்.

அன்று காலை சாப்பிட்ட இட்லி ருசித்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை, ருசிக்கவில்லை. ஆனால் சாம்பாரில் உப்புக் கம்மி என்று தெரிந்தது. அதைச் சொன்னேன். அமுதா உடனே நோட்டை எடுத்து, தூக்கக் கணக்குக்குக் கீழே, 'உப்பு கம்மின்னு சொன்னாங்க' என்று எழுதினாள். டாக்டர் ரவுண்ட்ஸில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது நல்ல ரிப்போர்ட்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கிறேன் என்பதைச் சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

பிறகு எல்லா ராத்திரியும் அப்படி இருக்கவில்லை. ஒருநாள் நாலு மணி நேரம், ஒருநாள் இரண்டு, மறுபடியும் ஐந்து. ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கினால் படுக்கிற நேரத்தைக் கால் மணி முன்னால் கொண்டுவருவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அதே கணக்கில் போனேன். சொந்தக்காரர்கள் வந்து, "பாவம், உடம்பு முடியாதவ, பகல்ல செத்த நேரம் படுக்கட்டுமே" என்றார்கள். என் கணவர்தான், "படுக்கக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்காங்க. மனசு டாக்டர்" என்று சொன்னார். மனநலப் பிரிவின் வாசலில் நின்ற மனிதர். எனக்கு ஐந்தரைக்கு டீ போட்டுக் கொடுப்பதை அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். சர்க்கரை எப்போதும் ஜாஸ்தி. குடித்தேன்.

கம்பெனிக்குத் திரும்பியபோது டாக்டரின் கடிதத்தோடு மேனேஜரைப் பார்த்தேன்.

"ராத்திரி ஓ.டி. என்னால பண்ண முடியாது சார். கொஞ்ச நாளைக்கு ஒரே ஷிப்ட் வேணும்."

"சூப்பர்வைசர்னா ஷிப்மென்ட் டைம்ல இருந்துதானேம்மா ஆகணும்?"

"அப்போ என்னை செக்கிங் டேபிளுக்கே அனுப்பிடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லா யோசிச்சியா? மறுபடியும் இந்த போஸ்ட் வர்றது கஷ்டம்."

"யோசிச்சுட்டேன் சார்."

அந்தப் பதவிக்குப் பதினெட்டு வருடம் காத்திருந்தேன். விட்டுக்கொடுத்தது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நன்றாகத் தூங்கி எழுந்த மனசுக்கு வந்த வலி. அந்த வலியோடு பஸ் ஏறினேன், வீட்டுக்கு வந்தேன், குழம்பு வைத்தேன், பவித்ராவோடு கேரம் ஆடினேன். தூக்கமில்லாத நாட்களில் இதில் பாதி வலிகூட என்னைத் தரையில் போட்டிருக்கும்.

போன மாதம் ஒருநாள் மறுபடியும் தூக்கம் வரவில்லை. பழைய எண்ணம் வந்து பக்கத்தில் படுத்தது. எழுந்து கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஐந்தரை ஆனது. குளித்து வேலைக்குப் போனேன். அன்று பூராவும் பேஜாராகத்தான் இருந்தது. மறுநாள் தூங்கினேன். ஒரு ராத்திரி தூங்காததால் ஒன்றும் ஆகிவிடாது என்பதை நான் புத்தியால் புரிந்துகொண்டது வேலூரில், உடம்பால் நம்பியது அன்றைக்கு.

செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே உட்காருகிறவள் நஸ்ரின். இரண்டு குழந்தைகளின் தாய், இருபத்தொன்பது வயது. நான் எங்கே இருந்துவிட்டு வந்தேன் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கும்போதே சொல்லியிருந்தேன். இரண்டு பேர் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். நஸ்ரினின் டிபன் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. நாலு நாள் கழித்துக் கம்பெனி பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு சின்னவன் பொறந்ததிலேருந்து தூக்கமில்ல. அவன் தூங்கறான், நான் தூங்கறதில்ல. அவன தூக்கினா எனக்கு ஒன்னுமே தோணல அக்கா. நான் நல்ல அம்மா இல்லியா?"

"நீ நல்ல அம்மா. உனுக்குத் தூக்கம் இல்ல. ரெண்டும் வேற வேற" என்றேன். "எப்போ லீவு போடற?"

போன வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். அதே கூடம், அதே பெஞ்சுகள். அவள் மாமியார் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நஸ்ரின் புர்காவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாள்ல சரியாவும் அக்கா?"

"எனக்குப் பதினோரு வாரம் ஆச்சு. உனுக்கு எத்தனன்னு எனக்குத் தெரியாது. உனுக்கு வேற வைத்தியமாக்கூட இருக்கலாம். ஆனா எதுவா இருந்தாலும் மூணாவது நாள் ஓடிடலாம்னு தோணும். ஓடிடாத. எனக்கு போன் பண்ணு."

"ராத்திரியா இருந்தா? நீ தூங்கணுமே."

"எழுப்பு. திரும்பத் தூங்கிக்கறேன்."

அதைச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. எவ்வளவு சாதாரணமாக வாயிலிருந்து வந்துவிட்டது!

ஜன்னலில் பெயர் கூப்பிட்டார்கள். நான் எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் நஸ்ரின் ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் உள்ளே நடந்துவிட்டாள்.